துக்க வீட்டில் தீர்ப்பு எதற்கு?

ஒரு வீட்டில் சாவு விழுகிறது. இன்னொரு வீட்டில் படகு உடைந்து பிழைப்பு போகிறது. வேறொரு வீட்டில் வளர்ந்த பிள்ளை தீராத நோயில் படுக்கிறான்.

சபையார் வருகிறார்கள், ஜெபம் செய்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால், போகும்போது வாசலில் நின்று சிலர் ஒரு வார்த்தை சொல்கிறார்கள்: "யார் செய்த பாவமோ!"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் வார்த்தை அது. வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா? அந்த வேதம் என்ன சொல்கிறது?

7 நாள் மவுனம்

யோபு பெரும் செல்வர். 7 ஆயிரம் ஆடுகள், 3 ஆயிரம் ஒட்டகங்கள், 10 பிள்ளைகள். எல்லாம் ஒரே நாளில் போயின. பிறகு உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்தார்.

நண்பர்கள் 3 பேர் வந்தார்கள். 7 நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள்!

பிறகு வாயைத் திறந்தார்கள். "நீ பாவம் செய்திருப்பாய்" என்று வாதாடினார்கள். முடிவில் கடவுளின் கோபம் யார் மேல் வந்தது? அந்த நண்பர்கள் மேல்தான்! அவர்களுக்காக யோபுதான் ஜெபிக்க வேண்டியதாயிற்று.

கோபுரம் விழுந்தது

சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். அவரவர் தம் மனதைத் திருத்திக்கொள்ளட்டும் என்பதே அவர் புத்திமதி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்திருந்த பலரைச் சுனாமி கொண்டுபோயிற்று. மாதா கோவிலுக்கு வந்தது பாவமா? தாயின் இடுப்பிலிருந்த குழந்தை என்ன பாவம் செய்தது?

முதலில் சாப்பாடு

எலியா தீர்க்கதரிசி ஒரு நாள் மனம் உடைந்தார். செத்தால் போதும் என்று வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் படுத்துவிட்டார். தேவதூதன் வந்தான். நீண்ட பிரசங்கம் செய்தானா? இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. "எழுந்து சாப்பிடு" என்றான். தூங்க விட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அந்தப் பலத்தில் எலியா 40 நாள் நடந்தார்!

அப்படியானால் ஜெபம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால், ஜெபித்து எழுந்த கைக்கு வேலையும் வேண்டும். துக்க வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஒரு தூக்குக் கஞ்சி கொண்டுபோகலாம். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். வலைக் கடனுக்குத் தவணை கேட்க, அந்த வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போகலாம்.

ஒன்றும் முடியாதவர்கள் சும்மா பக்கத்தில் உட்காரலாம். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதானே!

தீர்ப்புச் சொல்ல ஆண்டவர் இருக்கிறார். கஞ்சி கொண்டுபோகத்தான் ஆள் வேண்டும்!