காடு காக்கும் உரிமை

காடு ஓரிடத்தில் இருக்க, அதனை ஆளும் அதிகாரம் தொலைவிலுள்ள தலைநகரில் இருத்தல் முறையாகுமா? வெப்ப மண்டல நாடுகள் பலவற்றில் நெடுங்காலமாக எழுந்துவரும் வினா இது. அவ்வதிகாரம் காட்டை அடுத்து வாழ்வோரிடம் வருதல் வேண்டும் என்பதே என் கருத்து. ஆயினும், அது வரும் வழியில் எங்கே தங்கிவிடுகிறது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.

இந்தோனேசிய நாட்டின் வரலாறு இதற்குச் சான்றாகும். சுகார்த்தோவின் ஆட்சியில், மழைக்காடுகளில் மரம் வெட்டும் உரிமையைத் தலைநகராகிய ஜகார்த்தாவே பெருநிறுவனங்களுக்கு வழங்கிவந்தது. காட்டு மக்களுக்கு எஞ்சியவை அடிக்கட்டைகளே. 1998-ஆம் ஆண்டில் அவ்வாட்சி வீழ்ந்தது. மறு ஆண்டில் மாவட்டங்களுக்கு அதிகாரம் அளிக்கும் சட்டம் பிறந்தது. மாவட்டத் தலைவர்கள் 100 எக்டேர் அளவுள்ள காடுகளில் மரம் வெட்ட உரிமம் வழங்கத் தொடங்கினர். கட்டணம் மாவட்டக் கருவூலத்தை நிரப்பியது, காடோ குறைந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று. 2002-இல் நடுவணரசு அவ்வதிகாரத்தைத் திரும்பப் பெற்றது.

இதனைக் காட்டி, ‘உள்ளூராரிடம் காட்டை ஒப்படைத்தல் தவறு’ என்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. அங்கு அதிகாரம் ஊர் வரை வரவே இல்லை; மாவட்டத் தலைவரிடமே நின்றுவிட்டது. அன்று அத்தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கவும் இல்லை. மாவட்டப் பேரவையே தேர்ந்தெடுத்தது. கணக்குக் கேட்பார் இல்லாத கையில் காடு எங்ஙனம் தழைக்கும்?

இனி நம் நாட்டிற்கு வருவோம். மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்னும் சிற்றூர் உளது. அங்கு வாழ்வோர் கோண்டு மக்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2009-இல் அவ்வூர் ஏறத்தாழ 1800 எக்டேர் காட்டின்மேல் உரிமை பெற்றது. எனினும், மூங்கிலை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டு வழங்கும் உரிமை 2011-இல்தான் கிராம சபையின் கைக்கு வந்தது. அதன் பின்னரே ஊரார் தம் மூங்கிலைத் தாமே விற்க முடிந்தது. அவ்வூரில் முடிவுகள் யாவும் ஊரார் கூடி ஒருமனப்பட்டே எடுக்கப்படும். ஒருவர் தனித்து ஒப்பமிட்டுக் காட்டை விற்க அங்கு இடமில்லை.

காட்டில் பிறக்கும் ஆறு தொலைவிலுள்ள ஊர்களையும் வாழ்விக்கிறது. ஆதலின், வரம்பு வகுத்தலும் மேற்பார்வையிடுதலும் அரசின் கடமையே. ஆனால், அதிகாரம் தலைவர் வாயிலில் நில்லாது ஊர்மன்றம் வரை செல்லுதல் வேண்டும். வருவாயும் கணக்கும் அதனோடு செல்லுதல் வேண்டும். மரம் வீழ்ந்தால் முதலில் வெயில் படுவது எவர் தலையிலோ, அவர் சொல்லே முதற்சொல்லாதல் அறம்.