முதலில் கூரை



அமெரிக்காவில் இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய மோட்டார்ஹோமை வாங்கித் தம் கைகளாலேயே செப்பனிடுகிறவர்கள் பலர் உண்டு. அவ்வுழைப்பு பாராட்டுக்குரியது. ஆயினும் கூரையைச் சோதிக்குமுன் சோலார் பேனலும் புது மெத்தையும் வாங்குவது தவறென்றே நான் சொல்வேன்.

கூரையின் இணைப்புகளில் பூசிய பசை காய்ந்து வெடித்தால், மழைநீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டத்தை மக்கச்செய்யும். வெளித்தோற்றமோ நெடுநாள் மாறாது. பேனலுக்காக இடும் துளை ஒவ்வொன்றும் நீர் நுழைய இன்னொரு வழியாகும்.

டயரும் அப்படியே, பட்டன் தேயாதிருக்கும்போதே ரப்பர் முதிர்ந்துவிடும். அதன் பக்கவாட்டிலுள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றிருந்தால், அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது.

எரிவாயு இணைப்பை மட்டும் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படையுங்கள். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். உங்கள் பிள்ளைகள் உறங்கும் வண்டியில் அந்தச் செலவை மிச்சப்படுத்துவது ஞானமன்று.

ஆகையால், பழைய வண்டியைப் புதுப்பிக்க விரும்புகிறவர் முதலாவது ஏணி வைத்துக் கூரையைப் பார்க்கட்டும். மெத்தையைப் பிறகு வாங்கலாம்.