நிதானமே வீரம்

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் பாட்டிமார் வாக்கு. இந்தப் பழமொழியை மோட்டார் சைக்கிளோடு சேர்த்துச் சொன்னால் தோழியர் சிலர் சிரிக்கக்கூடும். மோட்டார் சைக்கிள் என்றாலே வேகம், ஓசை, ஆர்ப்பாட்டம் என்றுதானே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம்? இரும்புலியூர் மேம்பாலத்தின் அடியில் மாலை வேளையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் இடையே இளைஞர்கள் வண்டியை வளைத்து வளைத்து நுழைத்துப் பறப்பதைக் காணலாம். காண்கின்ற நமக்கு நெஞ்சு பதைக்கிறது. ஓட்டுகின்றவர்க்கோ அது வீரமாகத் தோன்றுகிறது. வேகம்தான் வீரமா? அன்று என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக, நம்மில் பலர் கேள்விப்பட்டிராத ஒரு விளையாட்டைப் பற்றியும், நம் சென்னை மண்ணில் தழைத்த ஒரு பழைய வண்டியைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

'டிரயல்ஸ்' என்பது அந்த விளையாட்டின் பெயர். பள்ளி விளையாட்டு விழாக்களில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயம் நடக்குமல்லவா? கடைசியில் வருபவளுக்கே பரிசு. காலைத் தரையில் ஊன்றிவிட்டால் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டியதுதான். டிரயல்ஸ் போட்டியை அந்தப் பந்தயத்தின் அக்கா எனலாம். மலைச்சரிவு, ஓடை, வழுக்குப் பாறை, சேறு, மரவேர் ஆகியவற்றின் ஊடே குறுகலான பாதை ஒன்றை நாடா கட்டிக் குறித்திருப்பார்கள். அருகில் ஒரு நடுவர் நின்று ஓட்டுபவரின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். காலை ஊன்றாமல் கடந்துவிட்டால் தண்டப் புள்ளி இல்லை. ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி. இருமுறை ஊன்றினால் 2. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் 3. விழுந்துவிட்டாலோ பாதையை விட்டு விலகினாலோ 5. இப்படிப் பல பகுதிகளைக் கடந்தபின், எல்லாரினும் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றி பெற்றவர். அந்தப் பாதைக்குள் விரைந்து சென்றதற்காக ஒருவருக்கும் பரிசு கிடையாது. மனிதர் நடக்கும் வேகத்தில், சில இடங்களில் அதனினும் மெதுவாக, பாறை மீது வண்டியை ஏற்றிச் செல்பவரே அங்கே வீரர். ஸ்காட்லாந்து நாட்டு மலைகளில் ஆறு நாட்கள் தொடர்ந்து நடக்கும் டிரயல்ஸ் போட்டி நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது.

இந்த விளையாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு. இன்றும் நம் தெருக்களில் 'டப் டப்' என்று ஒலித்துச் செல்லும் புல்லட் வண்டி டிரயல்ஸ் பாதையில்தான் முதலில் பெயர் பெற்றது. பின்சக்கரம் வண்டியின் சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டிருப்பதே டிரயல்ஸுக்கு நல்லது என்று அக்காலத்து வல்லுநர் பலர் நம்பியிருந்தனர். இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனமோ 1948இல், பின்சக்கரம் ஸ்பிரிங்கின் மீது மேலும் கீழும் அசையும்படி அமைத்த புதிய புல்லட்டைப் போட்டிக்குக் கொண்டு வந்தது. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் அவ்வண்டியை ஓட்டியவர்கள் தங்கப் பதக்கம் பெற்றனர். ஜானி பிரிட்டன் என்னும் இளைஞர் 1952இலும் 1957இலும் ராயல் என்பீல்டு வண்டியிலேயே ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை வென்றார்.

1955இல் அந்த ஆங்கில நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இராணுவத்தினரும் காவலரும் அதை ஓட்டினர். இங்கிலாந்தில் இருந்த தாய் நிறுவனம் 1970இல் மூடப்பட்டது. ஆனால் நம் ஊரில் வண்டி நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது! பிறந்த வீட்டில் மறைந்தது புகுந்த வீட்டில் தழைத்தது என்றால் மிகையாகாது. 2019இல் பழைய டிரயல்ஸ் வெற்றிகளின் நினைவாக 'புல்லட் டிரயல்ஸ்' என்ற பெயரில் ஒரு வண்டியும் இங்கே வெளிவந்து, சிறிது காலம் விற்பனையில் இருந்தது.

இந்த வண்டிக்கு அப்படி என்ன சிறப்பு? பழைய 350 புல்லட்டின் ஒரே சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். உள்ளே கனத்த சக்கரம் ஒன்று சுழல்கிறது. ஆகவே என்ஜின் மெதுவாகச் சுழலும்போதும் ஏர் இழுக்கும் காளை போலத் திணறாமல் இழுக்கும். பாறையில் ஏற இந்த இழுவைதான் வேண்டும். டிரயல்ஸுக்கு அதை ஆயத்தம் செய்பவர்கள் பின்பக்கப் பற்சக்கரத்தைப் பெரிதாக்கி வேகத்தைக் குறைப்பார்கள். டயரில் காற்றைக் குறைத்துப் பிடிமானத்தைக் கூட்டுவார்கள். புகைக்குழாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைப்பார்கள். வேகத்தைக் கொடுத்துப் பிடிமானத்தை வாங்கிக்கொள்ளும் வாணிகம் இது.

1965இல் ஸ்பெயின் நாட்டு பல்டாகோ என்ற இலேசான வண்டியில் ஸாமி மில்லர் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். அத்துடன் கனத்த பழைய வண்டிகளின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அவற்றை நேசித்தவர்கள் கைவிடவில்லை. 1965க்கு முற்பட்ட வடிவமைப்புக் கொண்ட வண்டிகளுக்கென்றே தனிப் போட்டிகள் இன்றும் அங்கே நடைபெறுகின்றன. அவற்றில் கலந்துகொள்வோர் பலர் தம் வண்டியைத் தாமே பிரித்து, தாமே பூட்டி, தாமே ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பாறையில் ஏறும் ஒருவர் வாரத்தின் மற்ற மாலைகளில் ஸ்பானரும் கையுமாக இருப்பார்.

நம் மாநிலத்துக்கு மோட்டார் பந்தயம் புதிதன்று. 1953இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தியது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனிப் பந்தயச் சாலையே அமைத்தது. ஆயினும் அவை வேகப் பந்தயங்கள். நிதானப் பந்தயம் இங்கே அந்த அளவுக்கு வேரூன்றவில்லை. வேகத்தைப் பார்த்த இளைஞர்கள் பந்தயச் சாலைக்குப் போகாமல் பொதுச் சாலையிலேயே அதைச் செய்து பார்க்கிறார்கள். பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏறுவதும் வீரமே என்று அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருந்தால்!

இனி, நமக்கு நெருக்கமான செய்திக்கு வருகிறேன். 2018இல் தமிழக அரசு பணிபுரியும் மகளிர்க்கு இருசக்கர வண்டி வாங்க விலையில் பாதி, 25,000 ரூபாய் வரை, மானியம் வழங்கத் தொடங்கியது. இன்று தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர்ச் சாலைகளில் வேலைக்குச் செல்லும் அக்காக்களின் ஸ்கூட்டர்கள் அணி அணியாகப் போகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் அந்த ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டால்?

ஒருநாள் எங்கள் தெரு அக்கா ஒருவர் இரவு எட்டு மணிக்கு நின்றுபோன வண்டியை இரும்புலியூரிலிருந்து வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தார். மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். பிளக்கின் மேலுள்ள மூடி கழன்றிருந்தது. கட்டை விரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான்! "இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தா என்ன அண்ணா?" என்று அக்கா கேட்டார். "உனக்கு எதுக்கும்மா, கையெல்லாம் கரியாயிடும்" என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் அக்காவை முந்தின இரவு இருட்டில் தள்ள வைத்தது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. வண்டி வாங்க மானியம் கிடைத்தது. வண்டியைத் திறந்து பார்க்கும் துணிவுக்கு யார் மானியம் தருவார்?

இதற்குத்தான் பழைய வண்டி நல்ல ஆசான் என்கிறேன். புதிய வண்டிகளின் பல உறுப்புகள் மூடிய பெட்டிக்குள் மின்னணுக் கருவிகளாக இருக்கின்றன. பழைய வண்டியிலோ எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி விழுகிறதா, சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டால் பெரும்பாலான கோளாறுகள் அகப்பட்டுவிடும். பொறியை உண்டாக்கும் 'பாயின்ட்' என்ற சிறு உறுப்பின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் கரி படிந்தால் அத்தனை பெரிய வண்டியும் அசையாது. எம்பிராய்டரி ஊசியைப் பிடித்த கைக்கு அந்த இடைவெளியைச் சரிசெய்வது கடினமா?

"புல்லட்டை உதைத்துக் கிளப்பப் பெண்ணுக்குப் பலம் ஏது?" என்பார்கள். பழைய புல்லட்டில் ஆம்பியர் முள் ஒன்று உண்டு. கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அழுத்தத்தை வெளியேற்றும் சிறு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிது இறக்க வேண்டும். அதன்பின் நெம்புகோலை விட்டுவிட்டு ஒரே உதை! வண்டி கிளம்பிவிடும். முறை தெரியாத பலசாலியைத்தான் அது திருப்பி உதைக்கும்.

பெண்கள் இத்துறையில் சாதித்ததில்லை என்பதும் அறியாமையே. 1927ஆம் ஆண்டுப் பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் மார்ஜரி காட்டிலும் வேறு இரு பெண்களும் சேர்ந்த அணி வெள்ளிக் கலசப் பரிசை வென்றது. ஓல்கா கெவலோஸ் 1949இலும் 1953இலும் அதே போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றார். பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியியல் அறிஞர் பந்தய மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்; இரண்டாம் உலகப் போரின்போது, போர் விமானம் திடீரெனத் தலைகுப்புறப் பாயும்போது என்ஜின் அணைந்துபோன கோளாற்றைத் துளையிட்ட ஒரு சிறு உலோக வில்லையால் தணித்தவர். நம் காலத்தில் ஸ்பெயின் நாட்டு லாயா சான்ஸ் மகளிர் டிரயல்ஸ் உலகப் பட்டத்தைப் பத்து முறைக்கு மேல் வென்றிருக்கிறார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாலைவன மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்கான உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்றார்.

பழைய வண்டி புகை கக்கும், அதைப் போற்றலாமா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. அன்றாடம் அலுவலகம் செல்லப் பழைய வண்டியே வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பெரும் வண்டிகளைத் தனியே பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்தது. அவற்றை நாள்தோறும் சாலையில் ஓட்டக்கூடாது என்றும் அவ்விதி கூறுகிறது. அது சரியே. பாட்டியின் வெண்கலப் பானையில் நாம் தினமும் சமைப்பதில்லை. ஆயினும் எடைக்குப் போட்டுவிடுவதில்லை. அதுபோல், வீட்டு மூலையில் சாக்கு மூடிக் கிடக்கும் தாத்தாவின் வண்டியை இரும்புக்கடைக்கு அனுப்புமுன் ஒருமுறை பிரித்துப் பார்த்துக் கற்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள்.

தோழியரே! பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறாமல் கியர் வண்டியைச் சாலையில் ஓட்டுவது குற்றம். ஆனால் ஸ்பானர் பிடிக்க வயது வரம்பு இல்லை. ஆகவே இரண்டு யோசனைகள் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, வீட்டில் வண்டி பழுது பார்க்கப்படும்போது உள்ளே போய்விடாமல் பக்கத்தில் நில்லுங்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்ட ஒருமுறையேனும் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். மற்றொன்று, அடுத்த விளையாட்டு விழாவில் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் பந்தயத்தை மைதானத்தின் நேர்க்கோட்டில் மட்டும் நடத்தாமல், பலகை, செங்கல், மணல் மேடு ஆகியவற்றை வைத்து, கால் ஊன்றியதற்குப் புள்ளி எண்ணி, சிறு டிரயல்ஸாகவே நடத்திப் பார்ப்போம். ஆசிரியர் ஒருவர் நடுவராக நின்றால் போதும், செலவும் இல்லை.

அன்று கால் ஊன்றாமல் மணல் மேட்டைக் கடக்கக் கற்றவள், நாளை ஜி.எஸ்.டி. சாலையின் நெரிசலில் பதற்றமின்றி ஓட்டுவாள். வண்டி நின்றுவிட்டாலும் இருட்டில் தள்ளிக்கொண்டு வரமாட்டாள். கைப்பையிலிருந்து பிளக் ஸ்பானரை எடுப்பாள். கை கரியானால் என்ன? சோப்பு இருக்கிறது!