முப்பத்துநாலு வருஷத்து நன்றி

பழைய யுத்தப் பதக்கங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "நாடு தன் சிப்பாயை மறக்கவில்லை, பார்த்தீர்களா!" என்று பெருமைப்படும் பெரியவர்கள் உண்டு. பிரிட்டிஷ் சிப்பாயின் கணக்கை அவர்கள் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1808-லிருந்து 1814 வரை போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் நெப்போலியன் படைகளோடு அவன் மல்லுக்கு நின்றான். பெயருக்குத் தினம் ஒரு ஷில்லிங் சம்பளம். சாப்பாட்டுக்கும் சாமான்களுக்கும் பிடித்தது போக மிச்சம் சில்லறை. 1812-ல் படாஹோஸ் கோட்டை மதிலில் ஏணி வைத்து ஏறினான். பக்கத்து ஏணிக்காரன் அகழியில் கிடந்தான். அந்த யுத்தத்துக்காக 1810-லிருந்தே தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். யாருக்கு? படையை நடத்திய பெரிய அதிகாரிகளுக்கு! ஏணியில் ஏறியவனுக்கு அரசாங்கம் ஒரு செப்புத் துண்டுகூடக் கொடுக்கவில்லை.

1815-ல் வாட்டர்லூ வந்தது. அங்கே நின்றவன் சிப்பாயானாலும் தளபதியானாலும் ஒரே வெள்ளிப் பதக்கம். நியாயந்தான். ஆனால் ஆறு வருஷம் ஸ்பெயினில் அலைந்துவிட்டு, 1814-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டவன்? அவன் மார்பு வெறும் மார்புதான்.

1847-ல்தான் அரசாங்கத்துக்கு ஞாபகம் வந்தது. அதுவும் ரிச்மண்ட் பிரபு விடாமல் வாதாடியதால். எதிர்த்தவர் யார் தெரியுமா? அந்தச் சிப்பாய்களின் தளபதியாக இருந்து புகழ் பெற்ற வெல்லிங்டன் பிரபுவேதான். தம் தங்கச் சிலுவைக்கு ஒன்பது வெற்றிப் பட்டைகள் பெற்றவர் அவர்!

பதக்கம் 1848-ல் வந்தது. உயிரோடிருந்து, மனுப் போட்டவனுக்கு மட்டும். யுத்தத்தில் மாண்டவனின் மனைவி கேட்க முடியாது. இருபது வயதில் துப்பாக்கி பிடித்தவன் அறுபதை நெருங்கியிருந்தான். கையெழுத்துப் போடத் தெரியாதவனுக்குச் சேதி சொன்னவர் யார், மனு எழுதிக் கொடுத்தவர் யார்? அதிலும் ஒரு நிபந்தனை: முற்றுகை பலிக்காத பர்கோஸுக்குப் பட்டை கிடையாது. 1809-ல் வால்கெரன் தீவில் காய்ச்சல் கொண்டுபோனது ஏறக்குறைய 4,000 பேரை. சண்டையில் செத்தவர்கள் நூற்றுச் சொச்சந்தான். அங்கிருந்து பிழைத்து வந்தவனுக்கும் அதற்காக ஒன்றுமில்லை. கொசு கடித்துச் சாவது வீரத்தில் சேர்த்தியில்லை போலும்.

பதக்கத்தையே பாருங்கள். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. அந்த யுத்தம் நடந்தபோது அம்மாள் பிறக்கவே இல்லை, பிறந்தது 1819-ல். மறுபக்கம், மகாராணி வாகை மாலை சூட்ட மண்டியிட்டிருக்கிறார் ஒருவர். சிப்பாயா? இல்லை ஐயா, வெல்லிங்டன்! சிப்பாயின் பெயருக்கு விளிம்புதான் கிடைத்தது. இன்றும் ஏலத்தில் விலை கேட்கிறவர்கள் அந்தப் பெயரைப் படிப்பதற்கு முன்னால் பட்டைகளைத்தான் எண்ணுகிறார்கள்.