‘ஒன்றுமில்லை’ என்னும் சொல்

நள்ளிரவு கடந்த வேளை. மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குள் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை இருவர் தாங்கி வருகின்றனர். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனிகள் மரத்துவிட்டன, உயிர் இதோ போகப்போகிறது என்று அவர் உறுதியாக நம்புகிறார். ஈசிஜி எடுக்கிறார்கள். தாளில் குறையேதும் இல்லை. “உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்” என்கிறார் பணி மருத்துவர். அடுத்த மாதமும் அவர் வருவார். அதே தாள், அதே சொல். மூன்றாம் முறை உடன் வந்தோர் முகத்தில் கவலை நீங்கி எரிச்சல் குடியேறியிருக்கும்.

மருத்துவர் பொய் சொல்லவில்லை, இதயத்தில் ஒன்றுமில்லைதான். ஆனால் அம்மனிதருக்கு நோய் இருக்கிறது. பதற்றக் கோளாறுகளுள் ஒன்றான திகில் நோய் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்கள் பலர் பழுதற்ற இதயத்தோடு இதே துன்பத்தை அனுபவித்ததை டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871இல் எழுதிவைத்தார். ‘எரிச்சலுற்ற இதயம்’ என்று அவர் பெயரிட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெற்றதோ 1980இல். நூறாண்டுக்கு மேலாக இதயம் சுமந்த பழி அது. நம் ஊர்களில் அப்பழியை இன்றும் ‘வாயு’ சுமக்கிறது. வாயுவும் தப்பினால் கண்ணேறு.

அச்சத்தை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியம், அது பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கைச் சுட்டுகிறது. நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே உள்ளவை. திகில் நோயாளியின் இடர்ப்பாடோ இந்நான்கில் எதுவும் எதிரே இல்லாதபோதும் உடல் புலியைக் கண்டதுபோல் நடந்துகொள்வதே. மூச்சு விரைகிறது, விரையும் மூச்சால் குருதியில் கரியமில வாயு குறைகிறது, அதனால் தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. அந்த மரப்பையே சாவின் அறிகுறியாக அவர் எடுத்துக்கொள்ள, அச்சம் இரட்டிக்கிறது. அச்சமே அச்சத்துக்கு இரையாகும் சுழல் இது.

இந்தச் சுழலை அறுக்கும் வழியும் தெரியும். தைராய்டு மிகை போன்ற உடற்காரணங்கள் இல்லையெனத் தெளிந்தபின், தேர்ந்த உளவியலர் நோயாளியை நாற்காலியில் அமர்த்தி ஒரு நிமிடம் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொல்கிறார். அதே சுழற்சி, அதே மரப்பு. உயிர் மட்டும் போவதில்லை. பேருந்தில் ஏற அஞ்சுபவர் முதல் நாள் நிறுத்தத்தில் நின்றுவிட்டு வருகிறார். பின்னொரு நாள் ஒரே ஒரு நிறுத்தம் வரை பயணம். படபடப்பு ஏறுவதும் தானே இறங்குவதும் கண்கூடாகிறது. “தைரியமாக இரு” என்ற அறிவுரை தராததை இப்பயிற்சி தருகிறது.

மருந்தும் உண்டு. செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம் போன்றவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும்; முதல் நாட்களில் படபடப்பு சற்றே கூடவும் கூடும். இதை முன்னரே சொல்லாததால் பாதியில் நிறுத்துவோர் பலர். அல்பிரசோலாமோ அரை மணியில் அடக்கிவிடுகிறது, கேடும் அங்கேதான். நாள்பட உண்டவர் அதற்கு அடிமையாகிறார். திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருந்துக்கடைப் பதிவேட்டில் குறித்தே விற்கவேண்டிய எச்1 அட்டவணை மருந்து அது. நைந்துபோன பழைய சீட்டுக்கு அதை எடுத்துக் கொடுக்கும் கடைகளை அரசு கண்டுகொள்ளாதிருப்பது பெரும் பிழை.

2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடைபெற்றது. பதற்றம், மனச்சோர்வு முதலிய பொதுவான மனநோய் உடையோருள் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறாதவர் என்று அது கண்டது. மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியதோ 1996இல். திட்டம் இல்லாமல் இல்லை. நோயாளி முதலில் செல்லும் வாசலில் அது நிற்கவில்லை, அவ்வளவே.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீடுதோறும் சென்று குருதியழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அப்படிச் செல்வோர் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்கட்டும்: சென்ற இரு வாரங்களில் பதற்றம் உங்களை வாட்டியதா? கவலையை நிறுத்த முடியாமல் தவித்தீர்களா? ஆம் என்போரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்புவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. அம்மருத்துவருக்குப் பயிற்சி தேவை.

அவசரப் பிரிவுகள் செய்யவேண்டியது இதனினும் எளிது. ஈசிஜி சீராக இருந்து, ஏனைய ஐயங்களும் நீங்கியபின், நோயாளி கையில் கொடுக்கும் சீட்டில் ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு மாறாக, ‘திகில் நோயாக இருக்கலாம்; மனநலப் பிரிவில் காட்டவும்’ என்று எழுதி, அதன் கீழே அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணான 14416ஐயும் குறித்தனுப்புவது.