கெட்டிமேளம் கேட்கலியேப்பா!

என்ன மக்களே, கல்சுரல்ஸ் லைவை 'நீ பாத்துக்கோ மச்சி'ன்னு உங்க தலையில கட்டிட்டாங்களா? அப்போ முதல்ல நான் பல்பு வாங்கின கதையைக் கேளுங்க.

இடம், சேக்கிழார் பிறந்த நம்ம குன்றத்தூர். முகூர்த்த நாள்னா முருகன் கோயில் மலையடிவாரத்துல வண்டி திருப்பவே முடியாது, தெரியும்தானே? அங்கே ஒரு மண்டபத்துல ஃப்ரெண்டோட அக்கா கல்யாணம். லீவு கிடைக்காம தாய்மாமன் துபாய்ல மாட்டிக்கிட்டார். அவருக்காகத்தான் யூ டியூப் லைவ். பொறுப்பு? ஐயாதான்! கேமரா, லைட்டுன்னு படத்துக்கே ரெண்டு மணி நேரம் மெனக்கெட்டேன். தாலி கட்டுற நேரம் படம் பளிச். சத்தம்? 'டிபன் பந்தி ஆரம்பிச்சாச்சா?'ன்னு என் முதுகுக்குப் பின்னாடி யாரோ கேட்டது மட்டும் துபாய் வரைக்கும் தெளிவா போயிருக்கு! மாமா திட்டலை. "கெட்டிமேளம் கேட்கலியேப்பா"ன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தாகூடத் தேவலை.

தப்பு எங்கே? ஓபிஎஸ் (2012-ல் வந்த இலவச சாஃப்ட்வேர்) ஆடியோ இன்புட்ல 'டிஃபால்ட்'னே விட்டுட்டேன். விண்டோஸ் எந்த மைக்கை டிஃபால்ட்டா வெச்சிருக்கோ, அதையே எடுத்துக்கும். என் கேஸ்ல லேப்டாப்போட சொந்த மைக். நீங்க பட்டியலைத் திறந்து, மிக்ஸர் ஒயர் சொருகின யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் பேரையே தேர்ந்தெடுங்க. பச்சைக் கோடு ஆடுதேன்னு நம்பிடாதீங்க. மேடை மைக்கைத் தட்டினா துள்ளணும், லேப்டாப்பைத் தட்டினா துள்ளக் கூடாது. அவ்ளோதான் டெஸ்ட்!

மிக்ஸர் அவுட்டை நேரா லேப்டாப் மைக் ஓட்டையில சொருகினா, சிக்னல் ஓவர் பவராகி கரகரன்னு உடையும். அதுக்குத்தான் இன்டர்ஃபேஸ். பேச்சுக்கு லெவல் மஞ்சள்ல நிக்கட்டும். தவிலோ டிரம்ஸோ இருந்தா, 'முழு வேகத்துல ஒருவாட்டி அடிங்கண்ணே'ன்னு கேட்டு வாங்கி, சிவப்பைத் தொடாம குறைச்சு வைங்க. ஒரு காதுல மட்டும் கேட்குதா? அட்வான்ஸ்டு ஆடியோவுல 'மோனோ' டிக் பண்ணுங்க.

படம்? ஒரு விஷயம் முக்கியம். நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவுல 60. வெப்கேம் 60-ல இருந்தா டியூப்லைட் வெளிச்சத்துல பட்டை பட்டையா ஓடும். ஆன்டி ஃப்ளிக்கரை 50-க்கு மாத்துங்க. பெரிய கேமரான்னா ஷட்டர் 1/50. 1080 ஆசை வேண்டாம். 720, 30 ஃப்ரேம், 2500 கேபிபிஎஸ் போதும். அப்லோடு ஸ்பீடு அதைவிட ரெட்டிப்பா இருக்கணும். காலி ஹால்ல பார்த்த ஸ்பீடு, கூட்டம் வந்ததும் காணாமப் போகும், ஜாக்கிரதை!

கேமரா முன்னாடி கை தட்டி ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. சத்தம் முந்தி வந்தா 'சிங்க் ஆஃப்செட்'ல 100, 150 மில்லிசெகண்ட்னு கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. அப்புறம் லிங்க் இருக்கறவங்க மட்டும் பாக்கற மாதிரி 'அன்லிஸ்டட்' லைவ் ஓட்டி, வீட்ல இருக்கற ஃப்ரெண்டை ஹெட்போன்ல கேட்கச் சொல்லுங்க.

அந்த வீட்ல சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கும் நான்தான் லைவ். மாமா? ரிஸ்க்கே எடுக்கலை, முதல் நாளே ஃப்ளைட் புடிச்சு வந்துட்டார்!