ஒரே கேமரா, நாலு பக்கமும் தெரியும்... ரெக்கார்டர் தாங்குமா?

கடையின் நடுவே, கூரையில் ஒரே ஒரு ஃபிஷ்ஐ கேமரா. நாலு மூலையும் தெரியும், மற்ற கேமராக்களின் செலவு மிச்சம் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். சிக்கல் தெரியவருவது திருட்டு நடந்த பிறகுதான்.

ஃபிஷ்ஐ தருவது வட்டமான, வளைந்த படம். அதை நேராக்குவதற்கு 'டீவார்ப்பிங்' என்று பெயர். வட்டமாகவே பதிவு செய்ய ரெக்கார்டருக்குப் பெரிய சிரமம் இல்லை, ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தால் போதும். நேராக்கிப் பார்க்கும்போதுதான் மூச்சு வாங்கும். 12 மெகாபிக்சல் படத்தில் ஃபுல் ஹெச்டியைவிட சுமார் 6 மடங்கு பிக்சல்கள். நல்ல கிராபிக்ஸ் சிப் இல்லாத பழைய கணினியில் காட்சி விட்டுவிட்டுத்தான் ஓடும்.

சரி, கேமராவே நேராக்கி அனுப்பினால்? கணினி தப்பிக்கும். ஆனால் அதை மட்டும் பதிவு செய்தால், அதில் விழாத மூலையைப் பிறகு தேடி எடுக்கவே முடியாது. முழு வட்டத்தையும் பதிவு செய்வதே பாதுகாப்பு.

விற்பவர்கள் அதிகம் பேசாத விஷயம் இன்னொன்று. 4000-க்கு 3000 சென்சாரில் வட்டம் முழுசாக விழுந்தால், பயன்படுவது சுமார் 70 லட்சம் பிக்சல்தான். அதுவும் 360 டிகிரிக்கும் பங்கு போகும். ஓரத்தில் நிற்பவரின் முகத்துக்குக் கிடைப்பது கொஞ்சமே. ஆள் வந்தது தெரியும், யாருன்னு தெரியாது. கல்லாவுக்கும் வாசலுக்கும் தனித்தனியாக ஒரு சாதாரண கேமரா வைத்துவிடுவது நல்லது.